வாசகர் கேள்வி–பதில்: ஹாங்காங்கின் தலைவிதி பேசப்பட்ட இரண்டு ஆண்டுகள்

1984 டிசம்பர் 19 அன்று பெய்ஜிங்கில் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரும் சீனப் பிரதமர் ஜாவோ ஜியாங்கும் கையெழுத்திட்ட, 1997இல் பிரிட்டன் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைக்க வகைசெய்த கூட்டுப் பிரகடனத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் பலர், அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது ஹாங்காங் மக்களும் பத்திரிகைகளும் என்ன நினைத்தார்கள், என்ன செய்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஒப்பந்தத்தின் ஷரத்துகளைவிட முக்கியமான கேள்வி அது என்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்குகிறேன்.

1997இல் முடிய வேண்டிய குத்தகைக்காக 1982இலேயே பேச்சைத் தொடங்கியது ஏன்? பிரிட்டன் தானாகவே போய் வம்பை விலைக்கு வாங்கியதா? – ஒரு வாசகர், திருச்சி

ஹாங்காங் தீவு 1842இலும், கௌலூன் முனை 1860இலும் பிரிட்டனுக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுக்கப்பட்டவை. அவற்றுக்கு வடக்கே உள்ள ‘புதிய பிரதேசங்கள்’ மட்டும் 1898இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு வந்தன. ஆனால் அந்தக் குத்தகை நிலம்தான் பிரிட்டனின் குடியேற்ற நாடான ஹாங்காங்கின் மொத்தப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டு வாழ முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்பகுதியில் அரசு வழங்கிய நிலக் குத்தகை எதுவும் 1997 ஜூன் மாதத்தைத் தாண்ட முடியாது. பதினைந்து ஆண்டு வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்கு வருகிறவரிடம் 1982இல் வங்கி மேலாளர் என்ன சொல்வார்? கேள்வி அந்த ஆண்டில் எழுந்ததற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

இதை முன்கூட்டியே உணர்ந்த ஆளுநர் முர்ரே மக்லெஹோஸ் 1979 மார்ச்சில் பெய்ஜிங் சென்று சீனாவின் உச்சத் தலைவர் டெங் சியாவோபிங்கைச் சந்தித்தார். ஹாங்காங் சீனாவின் ஒரு பகுதி என்பதில் டெங் உறுதியாக இருந்தார். முதலீட்டாளர்கள் மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஊர் திரும்பிய ஆளுநர் இரண்டாவது பாதியை மட்டும் மக்களிடம் சொன்னார். பின்னால் வந்த பீதிக்கெல்லாம் வித்து இங்கேதான் விழுந்தது என்று நான் நினைக்கிறேன். பேச்சைத் தொடங்கியதற்காகப் பிரிட்டனை நான் குறை சொல்ல மாட்டேன்; குத்தகைக் கெடு யாருக்காகவும் காத்திருக்காது. ஆனால் நல்ல செய்தியை அவிழ்த்துக் காட்டிவிட்டுக் கசப்பான செய்தியை முடிந்துவைத்தது, அந்த மக்களைப் பெரியவர்களாக மதிக்காத செயல்.

பேச்சு முழுவதும் ரகசியமாக நடந்தது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் மக்கள் எதைக் கேட்டு அஞ்சினார்கள்? – ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை

ரகசியமாக நடந்ததால்தான் அஞ்சினார்கள். எந்தச் செய்தியும் இல்லாத இடத்தில் எதுவும் செய்தியாகிவிடும்.

1982 செப்டம்பரில் தாட்சர் பெய்ஜிங் சென்று டெங்கைச் சந்தித்தார். அந்தப் பயணத்தின்போது சீன நாடாளுமன்றம் கூடும் மக்கள் மாமண்டபத்தின் வெளிப்படிகளில் இறங்கி வருகையில் கால் இடறி முழங்காலூன்றி விழுந்தார். சில விநாடிகளில் எழுந்து நடந்துவிட்டார் என்றாலும், ஹாங்காங் வீடுகளின் தொலைக்காட்சிப் பெட்டிகளில் அந்த விநாடிகள் மீண்டும் மீண்டும் ஓடின. சகுனம் பார்க்கும் பழக்கம் நம்மைப் போலவே அவர்களுக்கும் உண்டு. பங்குச் சந்தையோ சகுனம் பார்ப்பதில் எல்லோரையும் மிஞ்சியது. பிறகு ஹாங்காங் வந்த தாட்சர், பழைய உடன்படிக்கைகள் சர்வதேசச் சட்டப்படி செல்லும் என்றும், ஓர் உடன்படிக்கையை மதிக்காத நாடு இன்னொன்றையும் மதிக்காது என்றும் பேசினார். அவை வாள்முனையில் பெறப்பட்ட சமமற்ற உடன்படிக்கைகள் என்று சீன அரசு ஊடகங்கள் கொதித்தெழுந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹாங்காங் பங்குச் சந்தையின் ஹாங்செங் குறியீடு கடுமையாகச் சரிந்தது.

முறையான பேச்சின் முதற்சுற்று 1983 ஜூலை 12, 13 தேதிகளில் நடந்தது. மொத்தம் 22 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் இரு தரப்பும் சேர்ந்து வெளியிட்ட ஓரிரு வரி அறிக்கையைத் தவிர வெளியே எதுவும் வராது. முதற்சுற்று ‘பயனுள்ளதாகவும் ஆக்கபூர்வமாகவும்’ இருந்ததாக அறிக்கை சொன்னது. அடுத்தடுத்த அறிக்கைகளில் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. நிருபர்களுக்கும் வணிகர்களுக்கும் அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. செப்டம்பர் 22, 23இல் நடந்த நான்காம் சுற்றின் அறிக்கையும் வெறுமையாக வந்தது.

மறுநாள் 24ஆம் தேதி சனிக்கிழமை. ‘கறுப்புச் சனி’ என்று ஹாங்காங் இன்றும் நினைவில் வைத்திருக்கும் நாள். ஓராண்டுக்கு முன் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 6 ஹாங்காங் டாலர் என்றிருந்த மதிப்பு அன்று 9.6 வரை வீழ்ந்தது. மக்கள் கடைகளுக்கு ஓடினார்கள். அரிசி, சமையல் எண்ணெய், கழிப்பறைக் காகிதம் என்று கையில் அகப்பட்டதை வாரிக்கொண்டு போனதில் பல்பொருள் அங்காடிகளின் அடுக்குகள் காலியாயின. சில கடைக்காரர்கள் அமெரிக்க டாலரில் விலை சொல்லத் தொடங்கினார்கள். சில நாட்களில் ஹாங் லுங் வங்கி தள்ளாடி, அரசே அதை எடுத்துக்கொள்ள நேர்ந்தது. அக்டோபர் 17 முதல் அமெரிக்க டாலருக்கு 7.80 என்ற நிலையான விகிதத்தில் நாணயம் கட்டப்பட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அந்த விகித முறை, சிறு மாற்றங்களோடு, இன்றும் நீடிக்கிறது.

இதையெல்லாம் பிரிட்டனே தூண்டிவிட்டு ‘பொருளாதாரச் சீட்டை’ ஆடுகிறது என்று சீனத் தரப்பும் அதன் சார்புப் பத்திரிகைகளும் குற்றம் சாட்டின. எனக்கு இந்தக் குற்றச்சாட்டில் நம்பிக்கை இல்லை. இரண்டு மூட்டை அரிசியைத் தோளில் சுமந்துகொண்டு நான்கு மாடி ஏறிய குடும்பத் தலைவியை இயக்க எந்த அரசின் சதியும் தேவைப்பட்டிருக்காது. சீனாவில் 1949இன் கம்யூனிஸ்ட் ஆட்சி மாற்றத்தையும் பண்பாட்டுப் புரட்சியையும் பார்த்துவிட்டு எல்லை தாண்டி வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமே அந்த ஊரின் பெரும்பான்மை. அவர்கள் அஞ்சியதற்குச் சொந்த அனுபவமே போதுமானது.

ஹாங்காங் பத்திரிகைகள் எல்லாம் பிரிட்டன் பக்கம் நின்றனவா? – ஒரு பத்திரிகையாளர், மதுரை

அப்படி ஒரே பக்கமாக நின்றிருந்தால் இவ்வளவு சுவாரசியம் இருந்திருக்காது. அன்றைய சீனமொழி உலகிலேயே, இவ்வளவு வேறுபட்ட கருத்துகளை ஒரே ஊரின் பத்திரிகைக் கடையில் வாங்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. வென் வெய் போ, டா குங் பாவ் ஆகிய இரண்டும் பெய்ஜிங்கின் குரல்கள். அங்கே ‘வீசும் காற்றை’ அறிய எல்லாத் தரப்பினரும் அவற்றை வாங்கிப் படித்தார்கள். எதிர்முனையில் தைவான் சார்புப் பத்திரிகைகள் இருந்தன. அவற்றுள் பழம்பெரும் ஏடான குங் ஷெங் நாளிதழ், கூட்டுப் பிரகடனம் வந்த அதே 1984இல் தன் வெளியீட்டை நிறுத்திக்கொண்டது.

இடையில் நின்றவர்களே என் கவனத்தைக் கவர்கிறார்கள். மிங் பாவ் நாளிதழை 1959இல் தொடங்கியவர் லூயி சா. வாள்வீரர் கதைகளால் சீன உலகெங்கும் புகழ்பெற்ற எழுத்தாளரும் அவரே. பண்பாட்டுப் புரட்சியை அஞ்சாமல் கண்டித்து எழுதியவர், 1981இல் பெய்ஜிங் சென்று டெங்கைச் சந்தித்தார். இறையாண்மை சீனாவுடையது என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்குள் ஹாங்காங்கின் வாழ்க்கைமுறையை எப்படிக் காப்பது என்று பார்ப்பதே வழி என்ற நிலைக்கு அவர் வந்தார். லாம் ஹாங்-சி நடத்திய பொருளாதார நாளேடோ பெய்ஜிங்கின் வாக்குறுதிகளை ஐயத்தோடு எடைபோட்டது. இருவரையும் கோழை என்றோ அடிவருடி என்றோ சொல்லிவிட முடியாது. கையில் ஆவணம் எதுவும் இல்லாமல், நாள்தோறும் ஒரு தலையங்கம் எழுதியாக வேண்டிய நிலையில், தத்தம் அறிவுக்கு எட்டியதை வாசகர்களுக்குச் சொன்னார்கள்.

பொதுமக்கள் கருத்தும் ஒற்றை நிறம் கொண்டதாக இல்லை. தாட்சர் ஹாங்காங் வந்த நாளில், சமமற்ற உடன்படிக்கைகளை எதிர்த்து முழக்கமிட்ட மாணவர்களும் இருந்தார்கள். தாய்நாட்டோடு இணைவோம், ஆனால் ஜனநாயகத்தோடு இணைவோம் என்றது இளைஞர்களில் ஒரு பகுதி. ஹாங்காங் பல்கலைக்கழக மாணவர் சங்கம் 1984இல் பிரதமர் ஜாவோவுக்கே கடிதம் எழுதியது. எதிர்கால ஹாங்காங்கில் ஜனநாயக ஆட்சிமுறை அமைவது இயல்பானதே என்னும் பொருளில் மே மாதம் அவர் பதில் அனுப்பினார். அந்தப் பதிலைப் பல ஆண்டுகள் நெஞ்சில் சுமந்தவர்கள் உண்டு. 1989இல் தியானன்மென் சதுக்கத்து மாணவர்களிடம் கண்ணீரோடு பேசிவிட்டுப் பதவி இழந்தவரும் அதே ஜாவோதான்.

நிருபர்கள் பட்ட பாட்டுக்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1984 மே 25 அன்று பெய்ஜிங்கில் ஹாங்காங், மக்காவ் பிரதிநிதிகளை டெங் சந்தித்தார். 1997க்குப் பின் ஹாங்காங்கில் சீன ராணுவம் நிறுத்தப்படாது என்று மூத்த தலைவர் கெங் பியாவ் பேசியதாகச் செய்தி வந்திருந்த நேரம் அது. வெளியே போகவிருந்த நிருபர்களை டெங் நிறுத்தி, அது வெறும் பிதற்றல் என்றும், ஹாங்காங் சீன மண் எனில் அங்கே படை நிறுத்தச் சீனாவுக்கு ஏன் உரிமை இல்லை என்றும் ஒலிவாங்கிகளுக்கு முன்னால் சீறினார். அன்று மாலை ஹாங்காங் தொலைக்காட்சியில் அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. இரண்டு ஆண்டு ரகசியப் பேச்சில், மேசைக்கு அப்பால் இருந்தவரின் உண்மையான மனநிலையை மக்கள் நேராகக் கண்ட நிமிடங்கள் அவை. அந்த ஒளிப்பதிவு இல்லாதிருந்தால் பிரகடனத்தில் உள்ள ராணுவப் பாதுகாப்பு பற்றிய ஷரத்தை அவர்கள் வேறு கண்ணால் படித்திருப்பார்கள்.

ஐம்பது லட்சம் மக்களின் சார்பில் மேசையில் யாருமே உட்காரவில்லையா? – ஒரு வழக்கறிஞர், சேலம்

உட்கார முயன்றவர்களை எழுப்பிவிட்டார்கள். 1983 ஜூலையில் ஆளுநர் எட்வர்ட் யூட், பேச்சில் தாம் ஹாங்காங் மக்களைப் பிரதிநிதித்துவம் செய்வதாகச் சொன்னார். சீன வெளியுறவு அமைச்சகம் உடனே மறுத்தது: அவர் பிரிட்டிஷ் குழுவின் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். அவருடன் செல்லவிருந்த ஹாங்காங் அரசின் தகவல் துறை இயக்குநருக்கு விசாவும் கிடைக்கவில்லை. பேச்சு என்பது இரு நாடுகளுக்கு இடையிலானது, மூன்று கால் முக்காலிக்கு இடமில்லை என்பதே பெய்ஜிங்கின் நிலை. ஹாங்காங்கின் சீன மக்களுக்காகப் பேசும் உரிமை சீன அரசுக்கே உண்டு என்ற வாதம் அதன் அடியில் இருந்தது.

பிரிட்டனும் பெருமைப்பட்டுக்கொள்ளும் நிலையில் இல்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு நெருங்கிய ஆட்சிக்குப் பின்னும் ஹாங்காங் சட்டமன்றத்தில் வாக்குப் பெற்று வந்த உறுப்பினர் ஒருவர்கூட 1984இல் இல்லை. எல்லோரும் அரசு அதிகாரிகள் அல்லது ஆளுநர் நியமித்தவர்கள். நியமன உறுப்பினர் ரோஜர் லோபோ 1984 மார்ச்சில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஹாங்காங்கின் எதிர்காலம் குறித்த எந்த யோசனையும் முடிவாகும் முன் இந்த மன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். மிக அடக்கமான அந்தக் கோரிக்கையைக்கூடச் சீனத் தரப்பு கடுமையாகக் கண்டித்தது. அதே மாதம், அபினி வணிகக் காலத்திலிருந்து ஹாங்காங்கோடு பிணைந்திருந்த ஜார்டின் மாத்தசன் நிறுவனம் தன் சட்டப்பூர்வ இருப்பிடத்தை பெர்முடாவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. ஏப்ரல் 20 அன்று ஹாங்காங் வந்த பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஜெஃப்ரி ஹவ், 1997க்குப் பின் பிரிட்டிஷ் நிர்வாகம் தொடரும் என்று எண்ணுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்று முதன்முறையாக வெளிப்படையாகச் சொன்னார். உள்ளே பல மாதங்களுக்கு முன்பே விட்டுக்கொடுக்கப்பட்டதை மக்கள் அன்றுதான் அறிந்தார்கள்.

ஆளுநரின் நிர்வாகக் குழுவில் மூத்த நியமன உறுப்பினரான சுங் சே-யுன் தலைமையில் நியமன உறுப்பினர்கள் லண்டன் போனபோது, உங்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி அவர்களை எதிர்கொண்டது. அவரும் இன்னும் இருவரும் ஜூனில் பெய்ஜிங் போனபோது, தனிமனிதர்களாக மட்டுமே சந்திப்பதாக டெங் சொல்லி அனுப்பினார். மக்களின் அச்சத்தைச் சொல்லப் போனவர்களிடம், அது மக்களின் கருத்தல்ல, உங்கள் கருத்து என்று இரண்டு தலைநகரங்களிலும் சொல்லப்பட்டது. சுங்கின் அரசியலோடு எனக்கு உடன்பாடு குறைவு என்றாலும், அந்தக் கோடையில் அவர் பட்ட அவமானத்தைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

கடைசியில் மக்களிடம் கருத்தே கேட்கவில்லையா? – ஒரு மாணவி, கோவை

கேட்டார்கள், எழுதி முடித்த பிறகு. 1984 செப்டம்பர் 26 அன்று வரைவில் இரு தரப்பும் முதற்கையொப்பமிட்டன. அன்றே அது வெள்ளை அறிக்கையாக வெளியாகி, அதைப் பெற மக்கள் வரிசையில் நின்றார்கள். கருத்தறிய ஒரு மதிப்பீட்டு அலுவலகமும், அதைக் கண்காணிக்கச் சர் பாட்ரிக் நேர்ன், நீதிபதி சைமன் லி ஆகிய இருவரும் நியமிக்கப்பட்டனர். ஆனால் வரைவைத் திருத்த வாய்ப்பில்லை என்றும், இதை ஏற்காவிட்டால் ஒப்பந்தமே இல்லாத நிலைதான் மிஞ்சும் என்றும் வெள்ளை அறிக்கையே சொல்லிவிட்டது. பெரும்பாலோர் ஏற்கிறார்கள் என்று நவம்பர் இறுதியில் அறிக்கை வந்தது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. எதிர்பார்த்ததைவிட விரிவான ஒப்பந்தம் கிடைத்ததில் உண்மையான நிம்மதி இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு வாழ்க்கைமுறை மாறாது என்ற வாக்குறுதியைப் பலர் நம்பவும் செய்தார்கள். ஆயினும் ஒற்றைக் கதவு உள்ள அறையில் நிற்பவர் அந்தக் கதவு வழியே வெளியேறியதை வைத்து அவர் விருப்பத்தை அளக்க முடியாது. 1990 ஆம் ஆண்டில் மட்டும் 60,000 பேருக்கு மேல் ஊரைவிட்டுக் குடிபெயர்ந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும்.

அதற்காக மக்களின் அச்சம் வீண்போனது என்றும் கொள்ள வேண்டாம். பொதுவான கொள்கை வரிகளோடு நிறுத்திக்கொள்ளச் சீனா விரும்பிய இடத்தில், நீதிமன்றம், நாணயம், நிலம், பாஸ்போர்ட் என்று துறைவாரியாகப் பிரகடனத்தோடு பின்னிணைப்புகள் சேர்ந்ததில், ஊரின் நம்பிக்கை குலைந்தால் யாருக்கும் லாபமில்லை என்ற கறுப்புச் சனியின் பாடத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரு குடியேற்றத்தின் மக்கள் இத்தகைய பேச்சைத் தடுத்து நிறுத்திய உதாரணம் உண்டா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

ஸ்பெயினின் தென்முனையில் பிரிட்டன் ஆளும் ஜிப்ரால்டர். பிரிட்டனும் ஸ்பெயினும் அதன் இறையாண்மையைப் பகிர்ந்துகொள்வது பற்றி 2001இல் தீவிரமாகப் பேசத் தொடங்கின. மொத்த மக்கள்தொகை முப்பதாயிரத்தைத் தொடாத அந்த ஊரில், 2002 மார்ச் 18 அன்று மிகப் பெரும்பாலானோர் தெருவில் இறங்கினார்கள். மே மாதம் வந்த வெளியுறவு அமைச்சர் ஜாக் ஸ்ட்ராவைத் ‘துரோகி’ என்ற கூச்சல் எதிர்கொண்டது. ஜூலை 12 அன்று கூட்டு இறையாண்மையில் பரந்த உடன்பாடு ஏற்பட்டிருப்பதாக அவர் நாடாளுமன்றத்தில் சொன்னதும், ஜிப்ரால்டர் அரசு லண்டனின் ஒப்புதலுக்குக் காத்திராமல் நவம்பர் 7 அன்று தானே வாக்கெடுப்பு நடத்தியது. எதிராக 17,900 வாக்குகள், ஆதரவாக 187. திட்டம் அத்தோடு படுத்தது. 2004இல் ஜிப்ரால்டர் அரசையும் தனிக்குரலோடு சேர்த்து முத்தரப்புப் பேச்சு அமைப்பு உருவானது.

ஹாங்காங் மக்களுக்குத் துணிவு குறைவு என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். ஜிப்ரால்டருக்குக் குத்தகைக் கெடு இல்லை. வாக்குப் பெற்று வந்த முதலமைச்சர் பீட்டர் கருவானா இருந்தார். 1967இல் ஏற்கெனவே நடந்த ஒரு வாக்கெடுப்பு முன்மாதிரியாக இருந்தது. ஹாங்காங்கோ குடிநீருக்கே 1965 முதல் பெரிதும் சீனாவின் டோங்ஜியாங் ஆற்றை நம்பியிருந்த ஊர். சுயநிர்ணயத்துக்கு உரிய குடியேற்ற நாடுகளின் ஐ.நா. பட்டியலிலிருந்தும் சீனாவின் கோரிக்கைப்படி 1972இலேயே அது நீக்கப்பட்டுவிட்டது.

எங்கள் ஊரிலிருந்து பல குடும்பங்கள் தலைமுறைகளாக ஹாங்காங்கில் வணிகம் செய்கின்றன. இந்தியர்கள் நிலையைப் பற்றி அந்தப் பேச்சில் யாராவது நினைத்தார்களா? – ஒரு வாசகர், காயல்பட்டினம்

இந்தியக் கடவுச்சீட்டோடு இருந்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஹாங்காங்கிலேயே பிறந்து பிரிட்டிஷ் சார்புப் பிரதேசக் குடிமக்கள் என்ற தகுதி மட்டும் உடைய இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர்தாம் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். சீன வம்சாவளியினரைச் சீனா தன் குடிமக்களாக ஏற்றது, இவர்களை ஏற்கவில்லை. பிரகடனத்தோடு 1984இல் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட குறிப்புகளும் அதன்பின் வந்த பிரிட்டிஷ் ஏற்பாடுகளும் இவர்களுக்கும் இவர்களின் அடுத்த இரு தலைமுறைகளுக்கும் ஏதோ ஒரு பிரிட்டிஷ் தகுதியைத் தந்தனவேயன்றி, பிரிட்டனில் குடியிருக்கும் உரிமையைத் தரவில்லை. காகிதத்தில் நாடு உண்டு, காலூன்ற மண் இல்லை என்ற நிலை. எண்ணிக்கையில் சில ஆயிரமே ஆன இவர்களுக்காகப் பங்குச் சந்தை சரியவில்லை, கடைகளில் அரிசி தீரவில்லை. ஆகவே நீண்ட காலம் மனுக்களும் தூதுக்குழுக்களுமாக அலைய வேண்டியிருந்தது. இந்தியச் சமூக அமைப்புகளும், ஹாங்காங் சட்டமன்ற உறுப்பினர்களும், பிரிட்டிஷ் மேலவையில் சிலரும் விடாமல் வற்புறுத்தியதன் பலனாக, வேறு குடியுரிமை இல்லாத இவர்கள் முழுப் பிரிட்டிஷ் குடிமக்களாகப் பதிவு செய்துகொள்ள வழிசெய்யும் தனிச் சட்டம் 1997 மார்ச்சில், ஆட்சி மாறுவதற்கு மூன்று மாதங்களே இருந்தபோது, நிறைவேறியது.